சம்படி ஃபீட் ஃபில்: வீட்டோடு உட்கார்ந்து ரசிக்க ஒரு முழு வழிகாட்டி

சாப்பாட்டு நிகழ்ச்சி என்றாலே நமக்கு இரண்டு வகை பழக்கம். ஒன்று, அடுப்பருகே நின்று உப்பு இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்று சொல்லிச் சமைப்பது. இன்னொன்று, ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கி, முதல் வாய் உள்ளே போகும் முன்பே "வேற லெவல்" என்று தீர்ப்பு சொல்வது. நெட்ஃபிளிக்ஸில் 2018 முதல் 2025 வரை 8 சீசன்கள் வந்திருக்கும் ‘சம்படி ஃபீட் ஃபில்’ தொடரைப் பார்க்க உட்காரும்போது இந்த இரண்டு பழக்கத்தையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அளவு கற்றுக்கொள்ள இது உதவாது. எந்தக் கடை நல்ல கடை என்று மதிப்பெண் போடவும் உதவாது. ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய், அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சந்தோஷப்படுவார். அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எப்படி ஒரு மணி நேரம் நம்மைப் பிடித்து வைக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இதற்கெல்லாம் வழிகாட்டி எதற்கு, போட்டுவிட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் பலர் முதல் எபிசோடில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த ஆள் எதைத் தின்றாலும் குதிக்கிறாரே" என்று ரிமோட்டைத் தூக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நகரம் பார்த்துவிட்டு, எந்த மீன் எந்த ஊரில் என்று நினைவில்லாமல் எழுந்து போகிறார்கள். இரண்டும் இழப்பு.

முதல் படி: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபில் ரோசன்தால் சமையல்காரர் இல்லை. உணவு விமர்சகரும் இல்லை. அவர் தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1996 முதல் 2005 வரை ஓடிய ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ தொடரை உருவாக்கியவர். மகன் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே குடியிருந்து, நினைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் அப்பா அம்மா. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் மகன். மாமியாரைச் சமாளிக்கும் மருமகள். கதை நியூயார்க்கில் நடந்தாலும் நம் பக்கத்து வீட்டில் நடப்பது போலவே இருக்கும். இப்படி வீட்டுச் சண்டையை வைத்துப் பிழைத்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இந்தப் பயணத் தொடருக்கான விதை விழுந்ததும் அங்கேதான். அந்தத் தொடரின் நாயகன் ரே ரொமானோவுக்கு வெளிநாடு போவதில் ஆர்வமே இருந்ததில்லை. ஐரோப்பாவுக்கெல்லாம் எதற்கு என்கிற ரகம். சரி, வழிக்குக் கொண்டுவருகிறேன் பார் என்று, குடும்பமே இத்தாலி போவதாக ஒரு கதையை ஃபில் எழுதினார். கதைப்படி விருப்பமில்லாமல் வரும் நாயகன், ஊரையும் சாப்பாட்டையும் பார்த்து மெல்ல மெல்ல மாறுவான். படப்பிடிப்பில் அதே மாற்றம் நிஜ ரேயிடமும் நடந்தது. ஒருத்தரை இப்படி மாற்ற முடிந்தால் நிறையப் பேரையும் மாற்றலாமே என்று தோன்றியதாக ஃபில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, இந்தத் தொடர் யாருக்காக என்றால், வீட்டை விட்டு நகரத் தயங்குகிறவர்களுக்காக. ஃபிலே அந்த ரகம்தான். ஆந்தனி போர்டெய்ன் எல்லாவற்றுக்கும் பயந்தவராக இருந்திருந்தால் எப்படி இருப்பாரோ, அதுதான் நான் என்பது அவர் தன்னைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கிண்டல். போர்டெய்ன், கரடுமுரடான இடங்களுக்குப் போய், அரசியலும் வலியும் கலந்து பேசிய பயணத் தொடர்களுக்குப் பெயர் போன சமையல்காரர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்டெய்னின் தொடர்களைத் தயாரித்த ஜீரோ பாயின்ட் ஜீரோ நிறுவனம்தான் ஃபிலின் தொடரிலும் வேலை செய்தது. அதே தொழில்நேர்த்தி, நேரெதிரான மனிதர். காட்சிகள் அவ்வளவு அழகாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: எந்த ஊரில் தொடங்குவது

பெரும்பாலான எபிசோட்கள் ஒரு நகரம், சுமார் ஒரு மணி நேரம். முதல் சீசன் 2018 ஜனவரியில் வந்தது. பாங்காக், சைகோன், டெல் அவிவ், லிஸ்பன், நியூ ஆர்லியன்ஸ், மெக்சிகோ நகரம் என்று ஆறு ஊர். அதே ஆண்டு ஜூலையில் வந்த இரண்டாவது சீசனில் வெனிஸ், டப்ளின், பியூனஸ் ஐரிஸ், கோபன்ஹேகன், கேப் டவுன், நியூயார்க்.

பாங்காக்கிலேயே தொடங்கலாம், தவறில்லை. தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், பச்சை மிளகாய் எல்லாம் நம் நாக்குக்குத் தெரிந்த வாசனைகள். திரையில் பார்க்கும்போதே பாதி ருசி வந்துவிடும். ஆனால் வீட்டில் சந்தேகப் பேர்வழிகள் இருந்தால் நான் சொல்வது லிஸ்பன். பொறுமையான ஊர், வெயில், கடல் மீன். அப்புறம் ‘பஸ்டேல் த நாடா’ என்ற முட்டைக் கஸ்டர்டு டார்ட். பெலெம் பகுதியில் ஒரு கடை 1837இலிருந்து அதையே சுட்டு விற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்துக்கொள்வார்களாம். மிஞ்சிய மஞ்சள்கருவை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தவைதான் போர்ச்சுக்கல்லின் இனிப்புகளில் பாதி என்று சொல்வார்கள். நமக்கு மிளகாய் வந்ததும் போர்ச்சுக்கல்காரர்களின் கப்பலில்தான் என்று வீட்டில் யாராவது எடுத்துக்கொடுத்தால், எபிசோட் அரை மணி நேரம் நின்றுவிடும். நிற்கட்டும்.

மும்பையை முதலில் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. 2024 மார்ச்சில் வந்த ஏழாவது சீசனில் அது இருக்கிறது. இந்திய ஊர் என்றதும் நமக்குக் கை பரபரக்கும். ஆனால் தெரிந்த ஊரைப் பார்க்கும்போது நாம் பரீட்சை பேப்பர் திருத்துகிறவர்களாகிவிடுவோம். "வடா பாவைப் பிடிக்கிற விதம் சரியில்லை, அந்தக் கடைக்குப் போகவில்லையே, இதைச் சொல்லாமல் விட்டாரே" என்று ஆரம்பித்துவிடும். நான்கைந்து வெளியூர்களை வாய் பிளந்து பார்த்த பிறகு மும்பைக்கு வாருங்கள். அதற்குள் ஃபிலின் குணம் பழகியிருக்கும். நமக்குச் சாதாரணமான ஒன்றை ஒரு வெளியாள் கண் விரியப் பார்ப்பதே அப்போது ஒரு ருசி. மும்பையில் தமிழ்க் காபியும் இட்லியும் தேடுகிறவர்களுக்கு மாட்டுங்கா இருக்கிறது. அது வேறு கதை.

சிங்கப்பூர் நான்காவது சீசன், 2020 அக்டோபர். இதை மட்டும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அந்த எபிசோட் வந்து இரண்டே மாதத்தில், டிசம்பர் 2020இல், சிங்கப்பூரின் ஹாக்கர் (சிறு உணவுக்கடை) கலாச்சாரத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே கூரையின் கீழ் சீன, மலாய், இந்தியக் கடைகள். ஒரு மேசையில் சிக்கன் ரைஸ், லக்ஸா என்ற நூடுல்ஸ் குழம்பு, பரோட்டாவின் உடன்பிறப்பான ரொட்டி பிராட்டா. மீன் தலைக் கறியும் அந்த ஊரில் பிறந்ததுதான். நம் புளிக்குழம்பு வாசனையில், சீன வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த மீன் தலையைப் போட்டு, ஒரு மலையாளி 1949இல் தொடங்கி வைத்தார் என்பார்கள். அங்கே போகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காலியாக இருக்கும் மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால், அது யாரோ போட்ட துண்டு. நாம் பஸ் சீட்டில் போடுவோமே, அதே துண்டு. உட்கார்ந்துவிடாதீர்கள்.

சுத்த சைவக் குடும்பமாக இருந்தால் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். மாடு, பன்றி, சிப்பி, இறால் எல்லாம் மூடாமல் மறைக்காமல் வரும். ஆஸ்டின் போன்ற ஊர் முழுக்கப் புகையில் வெந்த மாட்டிறைச்சிக்குப் பேர் போனது. அதை விட்டுவிட்டு டெல் அவிவ், மும்பை, கியோட்டோ பக்கம் போகலாம். கொண்டைக்கடலை, கத்தரிக்காய், டோஃபு என்று பார்க்க நிறைய இருக்கும் ஊர்கள் அவை. அங்கேயும் முழுக்கச் சைவமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: பசியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெறும் வயிற்றோடு பார்த்தால் இருபதாவது நிமிடத்தில் உணவு டெலிவரி ஆப்பைத் திறந்து, அந்த அவசரத்தில் என்னத்தையோ ஆர்டர் செய்து, வந்ததும் முகம் சுளிப்போம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் திரையில் வருவது எதுவுமே ஏறாது. மாலை டிபன் நேரம்தான் தோது. ஐந்தரை, ஆறு மணி. கையில் ஒரு தட்டு இருக்க வேண்டும். அந்த ஊர்ச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சைகோனுக்கு முட்டை வைத்த பன், நியூ ஆர்லியன்ஸுக்கு மொறுமொறு வெண்டைக்காய் வறுவல் போதும். அங்கத்திய கம்போ குழம்பும் பல வீடுகளில் வெண்டைக்காயால்தான் கெட்டிப்படும். வெனிஸுக்கு நின்றுகொண்டே கொறிக்கிற மாதிரி ஏதாவது. அந்த ஊரில் ‘சிக்கெட்டி’ என்று சின்னச் சின்னத் தட்டுகளைக் கவுன்டர் ஓரம் நின்றபடி சாப்பிடுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். வாரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. ஃபிலின் உற்சாகம் ஒரே சுருதி. அடுத்தடுத்துக் கேட்டால் காது மரத்துப் போகும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும்கூட. மனிதர் வாயில் சாப்பாட்டோடு பேசுகிறவர், ஜோக்கில் பாதி அங்கேதான் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். இது நிறுத்திப் பேசுவதற்கென்றே எடுத்தது போன்ற தொடர். குழந்தைகளோடும் பெரும்பாலும் பார்க்கலாம். பெரியவர்களுக்கான ஜோக் ஒன்றிரண்டு நடுவில் தலைகாட்டும், அவ்வளவுதான்.

நான்காம் படி: தட்டைப் பார்க்காதீர்கள்

கேமரா தட்டைக் காட்டும்போது நாம் தட்டைத்தான் பார்ப்போம். அது இயல்பு. இரண்டாவது மூன்றாவது எபிசோடிலிருந்து கண்ணைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

முதலில் ஃபிலின் முகம். வாயில் போட்டதும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு புருவம் மேலே ஏறும், கண் பெரிதாகும், தலை ஆடும். இவர் நல்ல நகைச்சுவை எழுத்தாளர் என்பது அந்த ஒரு நொடித் தாமதத்தில் தெரியும். சிரிப்பு எங்கே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம், அவரைச் சுற்றி இருக்கிறவர்கள். ஃபில் தனியாகச் சாப்பிடுவது அபூர்வம். உள்ளூர் நண்பர், சமையல்காரர், பத்திரிகையாளர், வழியில் அகப்பட்டவர் என்று யாராவது கூடவே இருப்பார்கள். தட்டு வந்தால் முதலில் எதிரில் இருப்பவருக்கு, பிறகு பக்கத்து மேசைக்கு, சில நேரம் படம் பிடிக்கிற குழுவினர் வாய்க்கே ஒரு வாய் போகும். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் "இன்னும் ஒண்ணு வையுங்க அவருக்கு" என்று எதிர் இலைக்குப் பரிந்து பேசும் மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். அந்த மாமாவுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

சமையல்காரர்களின் முகத்தையும் பாருங்கள். தான் சமைத்ததை ஒருவர் ரசிக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற வெட்கம் கலந்த சிரிப்பு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

தயாரிப்பாளர்களில் ஒருவர் ஃபிலின் தம்பி ரிச்சர்ட். அவ்வப்போது சட்டகத்துக்குள் வருவார். அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் இடங்களை விட்டுவிடாதீர்கள். மனைவி மோனிகா ஹோரனும் சில ஊர்களில் வருவார். ‘ரேமண்ட்’ தொடரில் ஏமி பாத்திரத்தில் நடித்தவர் அவர்தான்.

ஐந்தாம் படி: அப்பா அம்மாவுக்காக வரிசை மாறாமல்

ஊர்களை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்பது போல மேலே எழுதியிருந்தேன். இப்போது அதை ஓரளவு திரும்பப் பெறுகிறேன். முதல் இரண்டு மூன்று எபிசோட்களை இஷ்டப்படி பாருங்கள். தொடர் பிடித்துவிட்டால், அதற்கப்புறம் சீசன் வரிசையில் போங்கள். காரணம் சாப்பாடு அல்ல; மாக்ஸும் ஹெலனும்.

ஆரம்ப சீசன்களில் ஃபில் ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில் நியூயார்க்கில் இருக்கும் பெற்றோரை வீடியோ காலில் கூப்பிடுவார். அப்பா மாக்ஸ் தையற்காரராக இருந்தவர், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அம்மா ஹெலன். இருவருக்கும் வயது மிக முதிர்ந்திருந்தது. மகன் உலகத்தின் மறுகோடியிலிருந்து என்ன சாப்பிட்டேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார். அவர்கள் பாதி கேட்காமல், பாதி குறுக்கே பேசி, ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். மாக்ஸ் ஒரு ஜோக் சொல்வார். ஒரு மணி நேரம் உலகப் புகழ் சமையல்காரர்களோடு உட்கார்ந்தவர், இந்த இரண்டு நிமிடத்தில் சின்னப் பையனாகிவிடுவார். அம்மாவின் கைப்பக்குவத்தை ஃபில் கிண்டலடிக்காத நாளில்லை. ருசியென்றால் என்னவென்று வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது என்பார். ஹெலன் அசர மாட்டார்.

‘ரேமண்ட்’ தொடரில் வந்த அந்த அப்பா அம்மா எங்கிருந்து முளைத்தார்கள் என்பது இந்தக் கால்களைப் பார்த்தால் புரியும்.

ஹெலன் 2019இல் இறந்தார். மாக்ஸ் 2021இல். தொடரில் இந்த இழப்புகளுக்குத் தனியாகச் சோக இசை போட்டு யாரும் நம்மை அழ வைப்பதில்லை. ஒரு கட்டத்தில் திரையில் இருவர் இருந்த இடத்தில் ஒருவர். அப்புறம் அவரும் இல்லை. 2022இல் வந்த ஐந்தாவது சீசனிலிருந்து, அந்தக் காலின் இடத்தில் ஃபிலின் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து "மாக்ஸுக்காக ஒரு ஜோக்" சொல்கிறார்கள். நிறையப் பேர் தெரிந்த நடிகர்கள், நகைச்சுவையாளர்கள். ஜோக்குகள் பாதி மொக்கை. மாக்ஸுக்கும் அந்த ரகம்தான் பிடிக்கும். வரிசை மாற்றிப் பார்த்தால் இந்த இடத்தில் யார் இந்த மாக்ஸ் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வரிசையில் பார்த்து வந்தால் அந்த மொக்கை ஜோக்குக்குக் கண் கலங்கும்.

2022 அக்டோபரில் வந்த ஆறாவது சீசனின் கடைசியில் பெற்றோருக்காகவே ஒரு தனி எபிசோட் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். மாக்ஸுக்குக் காலை உணவில் முட்டை பஞ்சு போல மிருதுவாக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியையே, "என் முட்டை பஞ்சு மாதிரி இருக்கா?" என்று அவர் கல்லறையில் பொறித்துவிட்டார்கள். இப்படி ஒரு குடும்பம்.

ஆறாம் படி: ஒரு சாப்பாட்டையாவது வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

பார்க்கும்போது குறித்துக்கொள்வது என்றால் கடையின் பெயரை விடச் சாப்பாட்டின் பெயரைக் குறியுங்கள். கடைகள் மூடும், கைமாறும், நீங்கள் போகும் நாளில் பத்து தெரு நீளத்துக்கு வரிசை நிற்கும். சாப்பாடு எங்கேயும் போகாது. 2022இல் தொடரின் பெயரிலேயே ஒரு சமையல் புத்தகமும் வந்தது. அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

நம் அடுப்பில் எளிதாக வருவது பாங்காக் எபிசோடுக்குத் தோதான காவ் சோய். வட தாய்லாந்தில், சியாங் மாய் பக்கத்து ஆகாரம். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே அதே நூடுல்ஸைப் பொரித்துத் தூவியது. பர்மாவின் கவ்சுவேக்குச் சொந்தக்காரன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோவும் மொய்ங்காவும் விற்கிறார்களே, அந்தத் தெருவில் ஒரு தடவை சாப்பிட்டவர்களுக்கு இந்த வாசனை புதிதாக இருக்காது.

நான்கு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் மூன்று கப் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். நம் வழக்கப்படி முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிடுவோம். இங்கே தலைகீழ். அகலமான சட்டியில் முதல் பாலில் பாதியை ஊற்றி, அது திரிந்து எண்ணெய் பிரியும் வரை விடுங்கள். திரிகிறதே என்று பதற வேண்டாம், அதுதான் வேண்டும். அதில் மூன்று மேசைக்கரண்டி தாய் ரெட் கறி பேஸ்ட் (சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலில் கிடைக்கும்), அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு டீஸ்பூன் கறி மசாலாத் தூள் போட்டு வாசம் வரும் வரை வதக்குங்கள். அரை கிலோ கோழித் தொடைக்கறியைச் சேர்த்துப் பிரட்டி, இரண்டாம் பாலை ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம். உப்பு அல்லது மீன் சாஸ், ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி. இறக்குவதற்கு முன் மீதி முதல் பால்.

300 கிராம் தட்டை முட்டை நூடுல்ஸை வேகவைத்து வடியுங்கள். அதில் ஒரு கைப்பிடியை ஈரம் போகத் துடைத்து மொறுமொறுவென்று பொரியுங்கள். கிண்ணத்தில் வெந்த நூடுல்ஸ், மேலே குழம்பு, அதன் மேல் பொரித்தது. பக்கத்தில் நறுக்கிய சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, எண்ணெயில் வறுத்த மிளகாய்த் தூள். அங்கே கடுகுக்கீரை ஊறுகாய் வைப்பார்கள். நமக்குக் கிடைக்காது, வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் அந்தப் புளிப்பு கிடைத்துவிடும். சைவத்துக்குக் காளானும் டோஃபுவும், முட்டை இல்லாத நூடுல்ஸும். ஆனால் கறி பேஸ்ட் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் இறால் விழுது இருக்கும்.

சமைக்க நேரமில்லாதவர்கள் எட்டாவது சீசனின் திபிலிசி எபிசோடுக்கு மோமோ வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவின் கின்காலியும் அந்த மாதிரிதான், ஆனால் உள்ளே ரசம் நிறைய இருக்கும். மேல் குடுமியைக் கையால் பிடித்து, ஓரத்தில் கடித்து, முதலில் ரசத்தை உறிஞ்ச வேண்டும். குடுமியைச் சாப்பிடாமல் தட்டில் வைப்பது வழக்கம், எத்தனை சாப்பிட்டாய் என்று எண்ணுவதற்கும் வசதி.

ஏழாம் படி: குறையையும் தெரிந்துகொண்டு பாருங்கள்

ஃபிலுக்கு எதுவும் பிடிக்காமல் போவதில்லை. அல்லது போனது வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் "நான் இதுவரை சாப்பிட்டதிலேயே" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வரும். அதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல விருந்தாளி சொல்லும் மரியாதை வார்த்தை அது. தெருக்கடைக்கு அடுத்த காட்சியிலேயே, நம் மாதச் சம்பளத்தில் ஒரு கடி கடிக்கக்கூடிய உணவகமும் வரும். விலையைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஒரு ஊரின் வறுமை, அரசியல், சண்டை எல்லாம் தொட்டும் தொடாமலும் போகும். பல எபிசோட்களில் ஊர் இளைஞர்களுக்கு உதவும் ஏதாவது ஓர் அமைப்பைக் காட்டுவார்கள். அது நல்ல மனசு, ஆனால் ஆழமான பார்வை என்று சொல்ல மாட்டேன். ஒரு ஊரின் உள்காயம் தெரிய வேண்டுமென்றால் போர்டெய்ன் பக்கம்தான் போக வேண்டும். அலுவலகத்தில் அடிபட்டு வந்த புதன்கிழமை சாயங்காலம் எனக்குப் போர்டெய்ன் வேண்டாம், ஃபில்தான் வேண்டும்.

எட்டு சீசனும் முடிந்துவிட்டால், 2015இல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த முன்னோடித் தொடர் ஒன்று இருக்கிறது. ‘ஐல் ஹேவ் வாட் ஃபில்ஸ் ஹேவிங்’. டோக்கியோ, இத்தாலி, பாரிஸ், ஹாங்காங், பார்சிலோனா, லாஸ் ஏஞ்சலஸ். ஃபில் கொஞ்சம் இளமையாக, இன்னும் கொஞ்சம் தயக்கத்தோடு.

எட்டாம் படி: உங்கள் ஊரில் ஒரு எபிசோட்

பாஸ்போர்ட் வேண்டாம். மதுரையோ, யாழ்ப்பாணமோ, கோயம்புத்தூரோ, நீங்கள் இருக்கிற ஊரில் இதுவரை ஏறாத தெரு ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். மூன்று கடை போதும். ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு பதார்த்தம், அதையும் பங்கு போட்டுத்தான். ஒருவருக்கு ஒரு முழுப் பிளேட் வாங்கினால் இரண்டாவது கடையிலேயே ஆட்டம் முடிந்துவிடும். கூட வருகிறவர்களில் ஒருவராவது வழக்கமாக உங்களோடு சாப்பிடாதவராக இருக்கட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், மாடி வீட்டு அம்மா, எப்போதோ பேசுகிற சித்தப்பா. ஃபில் செய்கிற தந்திரமே அதுதான். ஊர் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எங்கே சாப்பிடுவீர்களோ அங்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிடுவார்.

போனை ஒரு படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நன்றாக இருந்தால், காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் மட்டும் சொல்லாமல், உள்ளே எட்டிப் பார்த்துச் சமைக்கிறவரிடமும் சொல்லுங்கள். எந்த எண்ணெய், யாரிடம் கற்றது, எத்தனை மணிக்கு மாவு ஆட்டுவீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்க வேண்டிய நேரம் மட்டும் முக்கியம். காலை பத்தரை மணிக்கு, டிபன் கூட்டம் ஓய்ந்த பிறகு என்றால் மாஸ்டரே டீ வாங்கிக் கொடுத்துக் கதை சொல்வார். மதியம் ஒரு மணிக்கு மெஸ் வாசலில் நின்று கேட்டால் "சாப்பிட்டாச்சுன்னா எந்திரிங்க தம்பி, ஆள் நிக்குது" என்பதுதான் பதிலாக வரும்.